எச்சரிப்பை அசட்டை செய்துவிட்டேன், இனி எனக்கு இரட்சிப்பு உண்டா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை பெங்களூரில், மாரத்தஹள்ளியில் பிஜியில் தங்கியிருக்கிறீர்கள். சிறு வயதிலிருந்து ஒவ்வொரு கன்வென்ஷனிலும் "இதுவே உனக்குக் கடைசி எச்சரிப்பாக இருக்கலாம்" என்று கேட்டு, பலமுறை கை தூக்கி, பலமுறை முன்னால் போய் ஒப்புக்கொடுத்திருக்கிறீர்கள். போன வருடம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, "கர்த்தர் சொன்னதற்கு நீ கீழ்ப்படியவில்லை, உன் வீட்டில் ஒரு நடுக்கம் வரும்" என்றார். நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது அம்மா, அந்த ஊழியக்காரருக்கு 25,000 ரூபாய் காணிக்கை அனுப்பி ஜெபிக்கச் சொல்லலாம் என்கிறார். உங்களுக்கோ தூக்கமே இல்லை. கடைசி வரியில், போகிற போக்கில், இந்த வேலையை இரண்டு வருடப் பொய் எக்ஸ்பீரியன்ஸ் காட்டி வாங்கியதாகவும் சொல்லியிருக்கிறீர்கள்.

இதில் பல கேள்விகள் இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: "தேவன் என்னை விட்டுவிட்டாரா?" நான் பெங்களூரில் இறையியல் படித்து, இங்குள்ள தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாக வேதபாடம் எடுக்கிறவன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைச் சந்திக்காத வருடமே கிடையாது. உங்களை நேரில் அறியாத நான் உங்கள் ஆத்துமாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்படித் தீர்ப்புச் சொல்கிறவர்களிடமும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். வேதம் எதை உறுதியாகச் சொல்கிறது, எதில் விசுவாசிகளே பிரிந்து நிற்கிறார்கள், அதை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன்.

உறுதியானதில் முதலாவது, எச்சரிப்புகள் நிஜமானவை. உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக அவற்றின் கூர்மையை நான் மழுக்க மாட்டேன். நரகத்தைப் பற்றிப் பேசினவர் இயேசுவேதான். "இவ்வளவு பெரிதான இரட்சிப்பைக்குறித்து நாம் கவலையற்றிருப்போமானால் தண்டனைக்கு எப்படித் தப்பித்துக்கொள்ளுவோம்?" என்று எபிரெயர் நிருபம் கேட்பது, சபைக்கு உள்ளே இருக்கிறவர்களைப் பார்த்துத்தான். ஆனால் எச்சரிப்பு எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். சமையல் கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது. கசிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்றே அந்த நாற்றத்தை அதில் சேர்க்கிறார்கள். மூக்கில் ஏறியதும் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வர வேண்டும். சமையலறையிலேயே நின்று "எவ்வளவு நாறுகிறது, நேற்றைவிட அதிகமா" என்று முகர்ந்துகொண்டே இருந்தால், வாசனையைச் சேர்த்தவர்களின் நோக்கம் வீணாகிவிடும். பல வருடமாக நீங்கள் நின்றுகொண்டிருப்பது அந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோனாவின் புஸ்தகத்தை இந்த வாரம் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், நாலே அதிகாரம். "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" என்பதுதான் அவன் செய்த பிரசங்கம். மனந்திரும்பினால் பிழைப்பீர்கள் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. நினிவேயின் ராஜா "யாருக்குத் தெரியும், ஒருவேளை தேவன் மனமிரங்கலாம்" என்ற அளவு நம்பிக்கையோடுதான் இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். தேவன் மனமிரங்கினார், நகரம் பிழைத்தது, யோனாவுக்குத்தான் கோபம் வந்தது. சொன்னது நடக்காமல் போனதே அந்த எச்சரிப்பின் வெற்றி. எரேமியா 18-ஆம் அதிகாரத்தில் இதை ஒரு விதியாகவே சொல்லியிருக்கிறது: ஒரு ஜாதிக்கு விரோதமாகத் தேவன் தீங்கைப் பேசின பிறகும், அந்த ஜாதி திரும்பினால் அவர் அந்தத் தீங்கைச் செய்யாதபடி மனமிரங்குவார். எசேக்கியேல் 33-இல், துன்மார்க்கன் சாவதை நான் விரும்பவில்லை, அவன் திரும்பிப் பிழைப்பதையே விரும்புகிறேன் என்று தேவன் ஆணையிட்டுச் சொல்கிறார். எச்சரிக்கிறவருடைய மனது இதுதான். இதைத் தள்ளிவைத்துவிட்டு எச்சரிப்பை மட்டும் கேட்டால், உள்ளே திகில்தான் மிஞ்சும்.

அப்புறம், பயம் வந்தது என்பதாலேயே எச்சரிப்பைக் கேட்டாகிவிட்டது என்றும் ஆகாது. அப்போஸ்தலர் நடபடிகளில் நடுங்கின இரண்டு பேரை நான் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் எடுப்பேன். ஒருவன் தேசாதிபதி பேலிக்ஸ், 24-ஆம் அதிகாரம். நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பவுல் பேசினபோது அவன் பயந்துபோனான். பயந்துவிட்டு, "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். பிறகும் பலமுறை கூப்பிட்டுப் பேசினான். பவுல் காசு கொடுப்பார் என்ற நினைப்பும் அவனுக்கு இருந்தது. இப்படியே இரண்டு வருடம் போய்விட்டது. இன்னொருவன் 16-ஆம் அதிகாரத்தில் வரும் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன். நடுராத்திரியில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தபோது அவனும் நடுநடுங்கினான். "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டான். "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி" என்றார்கள். அந்த ராத்திரியிலேயே, பவுலும் சீலாவும் அடிவாங்கின காயங்களைத் தன் கையால் கழுவினான், ஞானஸ்நானம் பெற்றான், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்தான். நடுக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நடுங்கின பிறகு ஒருவன் நாள் கடத்தினான், இன்னொருவன் தண்ணீர் எடுத்து வந்தான்.

நீங்கள் பலமுறை முன்னால் போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையைத் தூக்குங்கள், முன்னால் வாருங்கள் என்று அழைக்கும் முறை வேதத்தில் கட்டளையாக எங்கும் இல்லை. கிட்டத்தட்ட 200 வருடப் பழக்கம் அது. 1830-களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி என்ற சுவிசேஷகர், பாவ உணர்வு வந்தவர்களைக் கூட்டத்தின் முன்வரிசைப் பெஞ்சில் வந்து உட்காரச் சொன்னது பிரபலமாகி, உலகம் முழுக்கப் பரவியது. அந்த வழியில் உண்மையாகவே கிறிஸ்துவிடம் வந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், அதனால் அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் முன்னால் நடந்து போவது வேறு, கிறிஸ்துவை நம்புவது வேறு. லிங்கராஜபுரத்தில் எங்கள் வேதபாடத்துக்கு ஒரு வயதான அம்மா வருவார்கள். கோலார் தங்கவயல்காரர், 2001-இல் சுரங்கத்தை மூடினபோது வீட்டுக்காரருக்கு வேலை போய்க் குடும்பத்தோடு பெங்களூர் வந்தவர்கள். ஒருநாள் அவருடைய பைபிளைக் கையில் வாங்கினபோது முன்பக்கத்து வெள்ளைத்தாளைப் பார்த்தேன். "நான் இரட்சிக்கப்பட்ட நாள்" என்று எழுதி ஒரு தேதி. அதை அடித்துவிட்டு, கீழே இன்னொரு தேதி. அதையும் அடித்து, வேறொரு மையில் இன்னொன்று. இப்படித் தாள் நிறைய. ஒவ்வொரு எழுப்புதல் கூட்டத்துக்குப் பிறகும், முந்தினது உண்மையானதில்லையோ என்று சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

தேதியை விடுங்கம்மா, இயேசு உங்களுக்கு யார் என்று சொல்லுங்கள் என்றேன். மூடின சுரங்கம், வீட்டுக்காரரின் குடி, சிவாஜிநகரில் பூக்கட்டி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தது என்று ஒரு மணிநேரம் பேசினார். அத்தனைக்கும் நடுவில் "அவர் எனக்காகச் செத்தாரே, அவரை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது" என்று திரும்பத் திரும்ப வந்தது. இதுதானம்மா விசுவாசம் என்றேன். தேதி தெரியாதவர்களுக்கும் ஜீவன் உண்டு. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று யோவான் 6:37-இல் இயேசு சொல்வதில், எத்தனையாவது தடவை வருகிறாய் என்ற கேள்வி கிடையாது. இது நான் உறுதி என்று சொல்வதில் இரண்டாவது. என் ஜீவனையும் இதன்மேல்தான் வைத்திருக்கிறேன்.

இனி அந்தத் தீர்க்கதரிசனம். தேவன் இன்றும் தனிநபர்களுக்கு இப்படிப் பேசுகிறாரா என்பதில் சபைகள் ஒருமனப்படவில்லை. அப்போஸ்தலர் காலத்தோடு அந்த வரம் நின்றுவிட்டது என்பார்கள் சிலர், இன்றும் உண்டு என்பார்கள் பெந்தெகொஸ்தே சபையார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன், ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் வேதம் ஒன்றுதான். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பது 1 தெசலோனிக்கேயர் 5:21. சரி, சோதித்துப் பார்ப்போம். கர்த்தர் சொன்ன எதற்கு நீங்கள் கீழ்ப்படியவில்லை என்று அந்த ஊழியக்காரர் சொன்னாரா? இல்லை. என்ன செய்ய வேண்டும் என்றாவது சொன்னாரா? அதுவும் இல்லை. "வீட்டில் ஒரு நடுக்கம்" என்பது ஹார்ட் அட்டாக்குக்கும் பொருந்தும், வேலை போனாலும் பொருந்தும், தங்கை கல்யாணம் தட்டிப்போனாலும் பொருந்தும். புதிய ஏற்பாட்டில் அகபு என்ற தீர்க்கதரிசி எழும்பி, பெரிய பஞ்சம் வரப்போகிறது என்று எச்சரிக்கிறான் (அப்போஸ்தலர் 11). சீஷர்கள் கேட்டார்கள், அவரவர் சக்திக்குத் தக்கபடி பணமும் சேர்த்தார்கள். அந்தப் பணம் பர்னபா, சவுல் கையில் யூதேயாவில் இருந்த சகோதரர்களுக்குப் போனது. அகபுவுக்குக் காணிக்கை போனதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

அப்பாவுடைய நெஞ்சுவலியை உங்கள் கீழ்ப்படியாமையோடு முடிச்சுப் போடாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை எடுத்துச் சொல்லி, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார், "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுத்தார். ஆனால் லூக்கா 13-இல் அதே மூச்சில், நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்றும் சொன்னார். அடுத்தவனுடைய ஆபத்துக்குக் காரணம் தேட வேண்டாம், அதைப் பார்த்து உன்னை நீ சரிசெய்துகொள் என்கிறார். அடுத்ததாக அவர் சொன்னது, மூன்று வருடம் கனி கொடுக்காத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் "இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று கெஞ்சின கதை. கொத்தி, எருப்போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். இந்தக் கதையோடு சேர்த்துத்தான் அந்தக் கடுமையான வசனத்தை வாசிக்க வேண்டும்.

விசுவாசிகள் பிரிந்து நிற்கிற இன்னொரு இடம், இரட்சிக்கப்பட்டவன் இரட்சிப்பை இழக்க முடியுமா என்பது. எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தில் ஒருமுறை பிரகாசிக்கப்பட்டு மறுதலித்துப்போனவர்களைப் பற்றி வரும் வசனங்கள்தான் உங்களை வாட்டுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். மெய்யாகவே கிறிஸ்துவுடையவன் முடிவில் விழுந்துபோக மாட்டான் என்று 1618-19-இல் நெதர்லாந்தில் கூடின, சீர்திருத்தச் சபைகளின் டோர்ட் மாமன்றம் அறிக்கையிட்டது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி அதை ஏற்கவில்லை, விசுவாசத்தை விட்டு விலகிப்போக முடியும் என்றார். கத்தோலிக்கச் சகோதரர்கள் சாவான பாவம் (தேவ அருளை இழக்கச் செய்யும் பெரிய பாவம்), பாவசங்கீர்த்தனம் (குருவிடம் செய்யும் பாவ அறிக்கை) என்று வேறு விதமாக விளக்குவார்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியரும் ஒரே சபையானார்கள். இந்த விஷயத்தில் ஒத்துப்போகாத மரபுகள் அன்றிலிருந்து ஒரே பந்தியில் சேர்ந்து இராப்போஜனம் எடுக்கின்றன. ஒரு பதிலில் இந்த வழக்கை நான் தீர்த்துவிட முடியாது, உங்களுக்கு இப்போது தீர்ந்தாக வேண்டிய அவசியமும் இல்லை. ஏனென்றால் இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற ஒன்று உண்டு: அந்த அதிகாரத்தில் பேசப்படுகிறவர்கள் கிறிஸ்துவே வேண்டாம் என்று முதுகைக் காட்டினவர்கள். அவர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறவன் முதுகைக் காட்டி நிற்கவில்லை. அதே அதிகாரத்தின் 9-ஆம் வசனத்தில் தொனி மாறி, பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும் உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று வருகிறது. பிரசங்கத்தில் பெரும்பாலும் அதுவரைக்கும் வாசிக்காமல் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஏசா கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணாமற்போனான் என்ற எபிரெயர் 12:17 இன்னொரு பெரிய பயம். ஆதியாகமம் 27-ஐத் திருப்பிப் பாருங்கள். அவன் அழுதது கைவிட்டுப்போன ஆசீர்வாதத்துக்காக. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் புத்திரபாகத்தை விற்றதற்காக அவன் அழுததாக அங்கே இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெட்போர்டில் பாத்திரம் பழுதுபார்த்துப் பிழைத்த ஜான் பனியனை இதே வசனம் நெடுங்காலம் உலுக்கி எடுத்தது. தானும் கிறிஸ்துவை விற்றுவிட்டேன் என்று நம்பித் துடித்தார். அவரைத் தூக்கி நிறுத்தினதில், மேலே சொன்ன யோவான் 6:37-க்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் அவரே பிரசங்கியாகி, அதற்காகப் பல வருடம் சிறையிலும் இருந்தார்.

இங்கே ஒன்றை நேராகவே கேட்கிறேன். இந்தப் பயம் ஒரு நாளில் பல மணிநேரத்தைத் தின்கிறதா? ஒரே பாவமன்னிப்பு ஜெபத்தைச் சரியாகச் சொன்னோமா என்று மறுபடி மறுபடி சொல்கிறீர்களா? தேவதூஷணமான எண்ணங்கள் வேண்டாம் என்று தள்ளினாலும் வந்து குத்துகின்றனவா? அப்படியானால் இதில் ஓசிடி என்கிற, வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் மனநோயின் பங்கும் இருக்கலாம். பக்தியுள்ள பிள்ளைகளுக்கு அது பக்தியின் உருவத்திலேயே வரும். நோயா இல்லையா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் இருக்கிற ஊரில், ஓசூர் ரோட்டில், நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. இதற்கென்றே அங்கே தனி கிளினிக் உண்டு. முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமானால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தது எதில் சேர்த்தி என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரி, அந்தப் பொய் எக்ஸ்பீரியன்ஸ். கடிதம் முழுக்க எனக்குத் தெளிவாகக் கேட்ட எச்சரிப்பு அதுதான். "வருங்கோபத்துக்குத் தப்பித்துக்கொள்ள உங்களுக்கு வகைகாட்டினவன் யார்?" என்று யோவான்ஸ்நானன் விரியன்பாம்புக் குட்டிகளே என்று விளித்துப் பேசினதைவிடக் கடுமையான பிரசங்கம் உண்டா? ஆனால் ஜனங்கள், அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது (லூக்கா 3), அவன் சொன்ன பதில்கள் சாதாரணமானவை: இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு. வரி வசூலிக்கிறவனா, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனா, ஒருவரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதும் என்று இரு. பரிசுத்த ஆவியானவர் உணர்த்தும்போது இப்படித்தான், ஆளும் இடமும் காரியமும் தெரியும். "நீ சரியில்லை, என்னவோ நடக்கும்" என்று மொட்டையாக வருகிற மிரட்டலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகிக்கொள்ளுங்கள். அந்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் உங்களை உறுத்துகிறது என்றால், உறுத்தட்டும். அதை அமுக்காதீர்கள்.

என்ன செய்வது என்றால், முதலில் இதைப் பேர் சொல்லிக் கர்த்தரிடம் அறிக்கையிடுங்கள். வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு இயேசு போன பிறகுதான் அவன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். சரிசெய்துவிட்டு வா என்று அவர் வாசலில் நிற்க வைக்கவில்லை. அப்புறம் ரெஸ்யூமிலும் லிங்க்ட்இன்-இலும் இருக்கிற பொய்யை இன்றே எடுங்கள், அடுத்த வேலைக்கு அதை ஒருபோதும் காட்டாதீர்கள். இப்போதைய கம்பெனியிடம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வேலை போகலாம், சட்டச் சிக்கலும் வரலாம், ஊரில் அப்பாவின் மருத்துவச் செலவு இருக்கிறது. அதனால் எப்போது, எந்த விதத்தில் என்பதை ஒரு ராத்திரி உணர்ச்சியில் முடிவு செய்யாமல், சபையில் ரகசியம் காக்கத் தெரிந்த ஒரு மூப்பரிடமும், முடிந்தால் ஒரு வக்கீலிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள். பேலிக்ஸைப் போல இரண்டு வருடம் தள்ளிப்போடாமல் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

அந்த 25,000 ரூபாயை அனுப்ப வேண்டாம். அம்மாவிடம் சண்டை போடாமல், அகபு கதையை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள், இந்த விஷயத்தில் அம்மாக்களுக்கு வசனம் புரிகிற மாதிரி வாதம் புரியாது. பணம் அப்பாவின் மாத்திரைக்கு இருக்கட்டும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைக் கொடுத்திருப்பார்கள். கைவைத்து ஜெபித்தாகிவிட்டது, சுகம் கிடைத்துவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அவருடைய டாக்டர் சொல்லாமல் ஒருவேளை மாத்திரையைக்கூட நிறுத்த விடாதீர்கள்.